முதலில் கண்டவள்

நாத்தனார் சிட்டுவைக் குழுவுக்குக் கூட்டி வந்ததே தையற்காரிதான். சும்மா இருந்திருக்கலாம். லீவு நாளில் பொழுதே போகவில்லை என்று அவள் புலம்ப, "சரி, என்கூட மலைக்கு வா" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

ஆதிமனிதர்கள் பாறையில் தீட்டிய ஓவியங்களைத் தேடிப் பதிவு செய்யும் தன்னார்வலர் குழு அது. தையற்காரி வருஷக்கணக்காக வாரம் தவறாமல் மலையேறியவள். முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். சொந்தமாக ஒரு புள்ளியைக்கூட அவள் கண்டுபிடித்ததில்லை. சிட்டுவோ வந்த சில வாரங்களிலேயே, செருப்பில் மாட்டிய கல்லை எடுக்கக் குனிந்தவள், "அண்ணி, இங்க என்னமோ செவப்பா இருக்கு" என்றாள். பாறையில் தீட்டிய ஒரு மான் கூட்டமே இருந்தது. குழுவை நடத்தும் டீச்சரம்மா அவளைக் கட்டிக்கொண்டார். பதிவேட்டில் 'முதலில் கண்டவர்' என்ற இடத்தில் சிட்டுவின் பெயர் ஏறியது.

"செருப்புல கல்லு மாட்டினா யாரும்தான் குனிவாங்க. இதுல என்ன கெட்டிக்காரத்தனம்?" என்று தையற்காரி வீட்டுக்கு வந்து கணவனிடம் பொரிந்து தள்ளினாள்.

தங்கையின் பெருமையில் பூரித்துப்போயிருந்த அந்த மனுஷன், "உனக்கும் ஒரு நாள் மாட்டும்" என்றான். அன்று அவன் சாப்பாட்டில் உப்பு இல்லை.

அடுத்த வாரம் ஓவியத்தை வரைந்தார்கள். கேமரா இருந்தாலும், அதற்குப் பாறைக் கறையும் பழைய சாயமும் ஒன்றுதான். அதனால் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பேர், ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல், பாறையைத் தொடாமல், கண்ணால் பார்த்தே கட்டம் போட்ட தாளில் வரைய வேண்டும். இரண்டு தாளிலும் இருப்பதுதான் ஓவியம். ஒன்றில் மட்டும் இருந்தால் கறை என்று தள்ளிவிடுவார்கள்.

காலையில் சிட்டு வரைந்து முடித்தாள். மதியம் தையற்காரி உட்கார்ந்தாள். மான்களை ஒவ்வொன்றாகத் தாளில் இறக்கினாள். வெயில் சாய்ந்தபோது, கடைசி மானின் காலடியில், மங்கலாக, ஒரு பெண் உருவம் தெரிந்தது. இடுப்பில் குழந்தை. அந்த மலை ஓவியங்களில் இதுவரை யாரும் பெண்ணையோ குழந்தையையோ கண்டதில்லை. மங்கல்தான் என்றாலும் கறை இல்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இதுவும் சிட்டுவின் கணக்கில்தான் போய்ச் சேரும் என்று நினைத்தாள். அதை வரையாமலே பென்சிலைக் கீழே வைத்தாள்.

மலையிறங்கிக் குழுவின் அறைக்கு வந்ததும் டீச்சரம்மா இரண்டு தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். மான்கள் அச்சாகப் பொருந்தின. ஒரு மூலையில் சிட்டுவின் பெண் மட்டும் தனியாக நின்றாள்.

"இது உங்க தாள்ல இல்லையே?" என்றார் தையற்காரியிடம்.

அவள் வாய் திறப்பதற்குள் சிட்டு ரப்பரை எடுத்துவிட்டாள். "அண்ணி கண்ணுக்கே படலன்னா அது கறைதான் டீச்சர். நான் நேத்து வந்தவ. எனக்கு என்ன தெரியும்?"

அந்த ரப்பர் குழந்தையின் தலைக்குப் பக்கத்தில் போனதும் தையற்காரி அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"அழிக்காதே. அது இருக்கு. நான் பார்த்தேன்."

"அப்புறம் ஏன் வரையல?" என்றார் டீச்சரம்மா.

"வேணும்னுதான் விட்டேன்."

டீச்சரம்மா தையற்காரியின் தாளை மட்டும் உருவி மடித்து வைத்தார். "வேற யாராவது புதுசா வரையட்டும். கொஞ்ச நாளைக்கு நீங்க வரைய வேண்டாம்" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பஸ்ஸில் சிட்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பாதி வழியில் கேட்டாள்.

"என் மேல அவ்வளவு கோபமா அண்ணி?"

"கோபமெல்லாம் இல்லடி. பொறாமை." சொல்லிவிட்டாள்.

சிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் தையற்காரி நினைத்தாள்.

"எங்கண்ணன் எதுன்னாலும் முதல்ல என்கிட்டதான் ஓடி வந்து சொல்வான். நீங்க இந்த வீட்டுக்கு வந்தப்புறம் ஒரு தடவைகூட வந்ததில்ல" என்றாள் சிட்டு. "அன்னிலேர்ந்து எனக்கு உங்க மேல பொறாமை அண்ணி. இன்னிக்கு வரைக்கும்."

தையற்காரி தலையில் அடித்துக்கொண்டாள். பாழாய்ப் போன பொறாமையில்கூட இவள்தான் முந்திக்கொண்டிருக்கிறாள்.