எதிர் வரிசையின் பிரிட்ஜ்

...இல்லை, இன்னும் அரை அடி வலப்பக்கம் தள்ளினால்தான் உள்ளே நுழைகிறவள் கண்ணில் முதலில் பிரிட்ஜ் படும், அப்புறம் மிக்ஸி, அப்புறம் ஜன்னலோரத்தில் ராணி மாதிரி உட்கார்ந்திருக்கும், துணியோரம் தைக்கும் ஓவர்லாக் மெஷின், பொருளை அடுக்குவதிலும் ஒரு நயம் வேண்டும், முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் தினம் லட்சம் படுக்கை விரிப்பு மடித்தவளுக்கு இது தெரியாதா, சரி, லட்சம் இல்லை, ஓய்வு பெற்ற பிறகு எண்ணிக்கை தானாக வளர்ந்துவிடுகிறது, அதற்கு நானா பொறுப்பு... இதில் ஒன்றுகூட என்னுடையது இல்லை என்பது வேறு விஷயம். எல்லாம் எதிர்வீட்டில் இருக்கும் என் தங்கச்சியுடையது. விடிந்தும் விடியாததுமாக அவளும் அவள் வீட்டுக்காரரும் மூச்சு வாங்கத் தூக்கிவந்து என் ஒற்றை அறையில் இறக்கிவிட்டுப் போனார்கள், கணக்கெடுப்பு முடிந்ததும் திரும்பப் போகும், இந்த பிரிட்ஜ் தெருவைக் கடப்பது இது மூன்றாவது தடவை, அதற்குக் கால் முளைத்திருந்தால் தானே நடந்து வந்திருக்கும். அதுமட்டுமா, தெருவின் இடது வரிசை வீடுகளின் டிவியும் கிரைண்டரும் பீரோவும் இன்று காலை வலது வரிசைக்குக் குடி வந்துவிட்டன, ஒரு ராஜ்யமே இடம்பெயர்ந்தது போல, ஒருத்தர்கூடப் பேசவில்லை, செருப்புச் சத்தம் மட்டும்.

எதற்கு இந்தக் கூத்து என்றால், ஆறு வருஷத்துக்கு முன்னால் கடல் தாண்டி ஒரு பெரிய நிறுவனம் எங்கள் தெருவுக்கு வந்தது, பெண்களுக்குச் சிறுகடன் கொடுத்தால் வாழ்க்கை மேலே வருகிறதா என்று பார்க்கவேண்டுமாம், பார்ப்பதென்றால் சும்மாவா, ஒரு வரிசைக்குக் கொடுத்து இன்னொரு வரிசைக்குக் கொடுக்காமல் விட்டால்தானே வித்தியாசம் தெரியும், கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டதில் இடது வரிசைக்குக் கடன், வலது வரிசைக்குக் கேள்வி. நான் வலது. ஒரே வயிற்றில் பிறந்தவளுக்கு மெஷின், எனக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அறுபது கேள்வி, ஒப்புக்குச் சப்பாணி மாதிரி ஆட்டத்தில் நானும் உண்டு, ஆனால் கிடையாது. கடன் வாங்கிய பெண்களோ ஒரு மாயக்கணக்குப் போட்டார்கள், வசதியாக இருப்பது தெரிந்தால் அடுத்த கடனை நிறுத்திவிடுவார்கள் என்று எவளோ கிளப்பிவிட, அன்றிலிருந்து கணக்கெடுப்பு நாளில் இடது வரிசை துடைத்து வைத்த மாதிரி ஆகிவிடும், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள், இவர்கள் அதை எதிர்வீட்டுச் சோற்றில் மறைத்தார்கள். நான் வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? இது யாருடையது என்று கேட்டால் என்னுடையதுதான் என்றேன், தையல் தொழில் நடத்துகிறேன், நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறேன், ஒரு ஆள் சரியில்லை, நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன் என்றுகூடச் சொன்னேன், கொடுக்காமல் விட்டவர்கள் எழுதிக்கொண்டு போகட்டுமே, உங்கள் பிச்சை இல்லாமலே நான் மகாராணி என்று.

டேப்லெட்டில் கணக்கெடுக்கும் பெண் வந்துவிட்டாள். இந்த முறை புதுப் பெண், குதிகாலில் பிளாஸ்திரி, காலையிலிருந்து நடக்கிறாளாம், நான் பிரிட்ஜைத் திறந்து பிறந்ததிலிருந்து அதோடு பழகியவள் மாதிரி ஜில்லென்று தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகக் கேட்டாள், ஒவ்வொன்றுக்கும் ஆமாம் போட்டேன், மாதம் எத்தனை உருப்படி தைப்பீர்கள் என்றபோது நாலாயிரம் என்றேன், அவள் நிமிர்ந்து பார்த்ததும் நூறு குறைத்துக்கொண்டேன். அவளுக்கு என்னை ரொம்பப் பிடித்துப்போயிற்று. இதுதான் கடைசிச் சுற்று, போன தடவை அறிக்கையில் என் வீட்டுப் போட்டோவைப் போட்டிருந்தார்கள் என்றாள், என் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது, அப்புறம்தான் தண்ணீரைக் குடித்தபடியே அவள் அந்த வார்த்தையை விட்டாள்.

"உங்க வரிசை கடன் வாங்காமலே இவ்வளவு மேல வந்துடுச்சு, எதிர் வரிசை வாங்கியும் அப்படியே கெடக்கு. அதான் ஆபீஸ்ல திட்டத்தையே மூடிடலாம்னு பேச்சு. கடை வைக்கிறவங்களுக்குப் பெரிய கடன்னு ஒன்னு வர்றதா இருந்துச்சுல்ல, அதுவும் கிடையாதும்மா."

பெரிய கடன். தங்கச்சி தெருமுனைக் கடையைப் பிடிக்க முன்பணம் கொடுத்துவிட்டாளே, அந்தக் கடனை நம்பித்தானே கொடுத்தாள், இருந்த நகையை வைத்தல்லவா கொடுத்தாள், காஜா எடுக்க ஒரு மெஷின், பட்டன் வைக்க ஒரு ஆள், பள்ளிக்கூடச் சீருடை மொத்தமாகப் பிடிக்கலாம் அக்கா என்று நோட்டில் கடையின் படத்தைக்கூட வரைந்து காட்டினாளே, கண்ணாடிக் கதவு வேறு... இந்த மாத முடிவுக்குள் மீதியைக் கட்டாவிட்டால் முன்பணம் போச்சு. அவளுக்குக் கடன் பயன்படவில்லையா? அந்தக் கடன் இதோ என் அறையில் நாலு நூல்கண்டோடு உட்கார்ந்திருக்கிறது, இந்தப் பெண்ணின் முழங்கை அதன் மேல்தான் ஊன்றியிருக்கிறது. அதோ எதிர்வாசலில் தங்கச்சி நிற்கிறாள், பின்னால் ஒரு பாயும் ஒரு குடமும் மட்டும், பரம ஏழை வேஷம் அவளுக்கு நன்றாகப் பொருந்துகிறது, விரலை உதட்டில் வைத்துக் காட்டுகிறாள், அடி அசடே, நீ ஒளித்து வைத்தது உன் பொருளை இல்லையடி, உன் கடையையே. சரி, நான் என்ன செய்யவேண்டும், வாயை மூடிக்கொண்டால் நான் போட்டோவில் மகாராணியாகவே இருப்பேன், திறந்தால் ஆறு வருஷப் பொய்க்காரி, தெருவே என்னைக் காறித் துப்பும். துப்பட்டும். என்னை அளக்க வந்தவர்களுக்கு நான் பயந்தேனா, இப்போது என்னைத் திட்டப்போகிறவர்களுக்கு மட்டும் பயப்பட?

இதில் எதுவும் என்னுடையது இல்லை என்றேன். அவள் சிரித்தாள், உங்களுக்குத் தமாஷ் ஜாஸ்தி என்றாள், பாருங்கள், ஊரெல்லாம் ஏற்றிச் சொன்ன வாய், ஒருநாள் இறக்கிச் சொன்னால் நம்ப ஆள் இல்லை. டேப்லெட்டில் போன இரண்டு தடவையும் ஆமாம் என்று பதிவாகியிருக்கிறதாம், இப்போது இல்லை என்றால் காரணம் கேட்குமாம், விற்றது, திருட்டுப்போனது, பழுதானது, தானம் கொடுத்தது, நாலுதான் இருக்கிறது, எப்போதுமே இருந்ததில்லை என்பதற்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாவிட்டால் நான் இல்லையா? தங்கச்சியைக் கை தட்டிக் கூப்பிட்டேன். ஓடிவந்தாள், வந்த வேகத்திலேயே என் கையைக் கிள்ளிக்கொண்டு அந்தப் பெண்ணிடம் பரிதாபமாகச் சொன்னாள்.

"அக்காவுக்கு வயசாயிடுச்சும்மா, இப்பல்லாம் இப்படித்தான் ஏதாவது உளறும். மெஷின் அதோடதுதான்."

அப்படியா, சரி, என்னுடையதுதான், அப்படியானால் நான் தைத்துக் காட்டவேண்டும் இல்லையா. மெஷின் முன்னால் உட்கார்ந்தேன், போட்டிருந்த நூலை ஒரே இழுப்பில் உருவினேன், தங்கச்சியின் தொண்டையில் ஒரு சத்தம். ஓவர்லாக்கில் நூல் கோப்பது என்ன சாதாரண வேலையா, நாலு நூல், பத்துப் பன்னிரண்டு கொக்கி, முதலில் எது அப்புறம் எது என்று முறை உண்டு, எனக்கு அந்த மெஷினில் தெரிந்தது அதற்கு விளக்கு உண்டு என்பதுதான், கையில் அகப்பட்ட நூலை அகப்பட்ட ஓட்டையில் விட்டேன், மூன்றாவதை ஊசியில் சுற்றினேன், சுற்றும்போது பாட்டுக்கூட முணுமுணுத்தேன், ஓரக்கண்ணால் பார்த்தால் தங்கச்சியின் விரல்கள் முந்தானையைப் பிசைகின்றன, அவள் பொறுத்தாள், உண்மையிலேயே பொறுத்தாள், நான் பெடலில் காலை வைத்தேன்.

"ஊசி உடைஞ்சு போயிடும், எந்திரி அக்கா."

என்னைத் தள்ளியே விட்டாள். நூலை அறுத்து, பல்லால் நுனியைக் கடித்து, மூடியைத் திறந்து, கீழ்க்கொக்கி, மேல்கொக்கி, இடது ஊசி, வலது ஊசி, கண் சிமிட்டும் நேரத்துக்குள், கண் சிமிட்டும் நேரம் என்று நான் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் இந்த ஒருமுறை அப்படித்தான் நடந்தது, ஒரு துண்டுத் துணியை ஓட்டிப் பார்த்துத் தையல் சரியாக விழுந்ததும் அவள் முகத்தில் வந்த நிம்மதி, பிறகுதான் நாங்கள் இருவரும் தன்னையே பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. டேப்லெட் பெண் அவள் விரல்களைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள், பிரிட்ஜைப் பார்த்தாள், கதவுக்கு வெளியே அந்த நீளமான வலது வரிசையைப் பார்த்தாள், பாவம், அவள் தலைக்குள் ஆறு வருஷம் சரிந்துகொண்டிருந்தது. எல்லா வீட்டிலும் இப்படித்தானா என்று மெதுவாகக் கேட்டாள். தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம் என்றாள், மெஷின் என்னுடையது, பிரிட்ஜும், மிக்ஸியும், தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தோம். தெரியாததால்தான் நிறுத்தப்போகிறார்கள் என்று நான் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன், பக்கத்துச் சுவருக்கும் கேட்கட்டும். ஆபீஸ் ஒத்துக்கொள்ளுமா தெரியாது, மறுபடி முதலிலிருந்து எடுக்கச் சொல்லலாம், கோபத்தில் மொத்தமாக மூடினாலும் மூடலாம், ஆனால் குறிப்பு என்கிற இடத்தில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன் என்றாள் அந்தப் பெண், கெட்டிக்காரி, கட்டம் இல்லாத இடத்தில் எழுதத் துணிகிறவள். எழுதட்டும், என் பெயரையும் சேர்த்து எழுதட்டும், பொய் சொன்னேன், அழகாகச் சொன்னேன்.

எழுதிக்கொண்டே, கேள்வித்தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டாள், ஏம்மா, உங்க தங்கச்சி பயத்துல மறைச்சாங்க, நீங்க ஏன் இத்தனை வருஷம் சொல்லலை என்று. பதில் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது, தங்கச்சிக்காகத்தான், வேறெதற்கு, அவளைக் காட்டிக்கொடுப்பேனா... வாயைத் திறந்தேன், அப்போது போன தடவை கணக்கெடுக்க வந்த மூக்குக்கண்ணாடிக்காரர் நினைவுக்கு வந்தார், கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, உங்க தங்கச்சி பக்கம் ஒன்னும் தேறலையேம்மா, கடன் வாங்கியும் வீண்தான் போல என்று அவர் சொன்னாரே, சொன்னபோது இதே பிரிட்ஜ் இதே இடத்தில்தான் இருந்தது, இல்லை சார் என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை, வாசல் வரை போய் வழியனுப்பினேன், கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தேன், சிரித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது, தங்கச்சியின் சாமர்த்தியத்தை நினைத்துத்தான் சிரித்தேன் என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அப்படித்தானா, இல்லை, எனக்குக் கிடைக்காத கடன் அவளுக்கும் வீண் என்கிற அந்தச் சொல்லுக்காகவா... டேப்லெட் பெண் காத்துக்கொண்டிருக்கிறாள், தங்கச்சியும் மெஷினிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்க்கிறாள், கீழுதட்டில் ஒரு துண்டு நூல் ஒட்டியிருப்பது அவளுக்குத் தெரியவில்லை, அவளுக்கும் இந்தப் பதில் வேண்டும் போலிருக்கிறது, எனக்கோ முதல்முறையாக ஏற்றிச் சொல்லவும் வரவில்லை, இறக்கிச் சொல்லவும் வரவில்லை.