குங்குமத்துக்கு அடியில் சிவப்பு

ஆயுதபூஜை விடுமுறை முடிந்து விழிதியூரிலிருந்து பஸ் ஏறி வேலைக்கு வந்த எழில்மதிக்கு, கம்பெனி வாசலிலேயே குடலைப் பிரட்டியது. மீன் கம்பெனியில் மீன் வாடை அடிக்காமல் மல்லிகையா மணக்கும்? ஆனால் இது வேறு, எலி செத்துக் கிடக்கிற நாற்றம். துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு கன்ட்ரோல் ரூமுக்கு ஓடினாள்.

மேனேஜர் சொக்கநாதன் அங்கே இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த நாற்றத்தில் அந்த மனுஷனுக்கு எப்படித்தான் தொண்டையில் இறங்கியதோ!

“சார், குளிர் ரூம்ல என்னமோ ஆயிருக்கு. வாசல் வரைக்கும் நாறுது.”

“கம்ப்யூட்டரப் பாரும்மா. மைனஸ் பதினெட்டு. பூஜையன்னிக்கி இருந்தது, ஒரு பாயின்ட் அசையல.”

அசையாததுதான் அவளை உறுத்தியது. கதவைத் திறந்து மூடினாலே ஏறி இறங்குகிற எண் அது. குளிர் ரூமை ஓட்டுகிற கன்ட்ரோலர் பெட்டியைச் சுவரில் பார்த்தாள். பூஜையன்று சொக்கநாதன் தன் கையாலேயே அதன் முகத்தில் சந்தனம் பூசி, நடுவில் எட்டணா அகலத்துக்குக் குங்குமத்தை அப்பியிருந்தார். தானாக உதிரும்வரை யாரும் துடைக்கக் கூடாது என்பது அவர் உத்தரவு. சந்தனத்துக்கு மேலே ஒரு பச்சை விளக்கு மட்டும் தெரிந்தது.

“பச்சை எரியுதுல்ல?” என்றார்.

“அது கரண்டு வருதுன்னு சொல்ற லைட்டு சார். அவ்வளவுதான்.”

பச்சைக்குக் கீழே மஞ்சள், அதற்கும் கீழே சிவப்பு. மஞ்சள் சிமிட்டினால் பெட்டி கம்ப்யூட்டரோடு பேசுகிறது என்று அர்த்தம். அது நின்றுபோனால், கடைசியாக வந்த எண் திரையில் அப்படியே நிற்கும். சிவப்பு எரிந்தால் கோளாறு. இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அவர் காதில் ஏறியதில்லை.

ஈரத்துணியால் துடைத்தாள். மஞ்சள் அணைந்து கிடந்தது. சிவப்பு துடித்துக்கொண்டிருந்தது.

பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டாள். கம்ப்ரஸர் உறுமியது, சிவப்பு அணைந்தது, மஞ்சள் சிமிட்டியது. திரையில் எண் தாவியது. பதினாறு. மைனஸ் இல்லை.

லோடுமேன் முத்தையன் குளிர் ரூம் கதவைத் திறந்தவர் அங்கேயே வாந்தி எடுத்தார். மண்டபத்தூர்ப் படகுகளில் வந்த மீன் முழுவதும் பிளாஸ்டிக் பெட்டிகளுக்குள் வயிறு வெடித்துக் கொழகொழத்துக் கிடந்தது. ரத்தநீர் நுரைத்து நிலைப்படி வரை ஓடியிருந்தது.

சொக்கநாதன் எட்டிப் பார்த்து ஏப்பம் விட்டார்.

“அதான் ஓட ஆரம்பிச்சிருச்சே. நாளைக்கிக் கல்லாட்டம் இறுகிடும். மீன் எடுக்க ஹாஸ்டல் லாரியும் நாளைக்கித்தான் வருது. மசாலா தடவிப் பொரிச்சா எந்தப் புள்ளைக்குத் தெரியப்போவுது?”

மீன் நாற்றத்தைக்கூடப் பொறுத்தவளுக்கு இந்தப் பேச்சு குமட்டியது. சீ, இவனும் ஒரு மனுஷனா! விழிதியூர்ப் பிள்ளைகள் பாதிப்பேர் அந்த ஹாஸ்டலில்தான் சாப்பிடுகிறார்கள். நாளைக்கு மூன்று விளக்கும் ஒழுங்காக இருக்கும், மீனும் இறுகியிருக்கும். பிறகு யார் சொன்னாலும் எடுபடாது.

கழிவறைப் பக்கம் போய் ஃபினாயில் கேனைத் தூக்கி வந்தாள். பெட்டி பெட்டியாக ஊற்றினாள். முத்தையன் வாயைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கேனை எடுத்து வந்தார்.

“என்ன பண்றே நீ? நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே!” சொக்கநாதன் தொண்டை கிழியக் கத்தினார்.

“வரல சார்.”

ஊற்றாத பெட்டி ஒன்றிலிருந்து ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கினாள். சொட்டச் சொட்ட எடுத்துப் போய் அவருடைய மிச்ச இட்லியின் மேல் வைத்தாள்.

“பொரிச்சுச் சாப்பிடுங்க சார். தெரியாது.”