செவ்வாய்க்கிழமை நாடகத்தின் கடைசி வாரம்

தொலைக்காட்சி நாடகத்து மீனவன் துடுப்பைக் கையில் எடுத்ததுமே, ரேடியோ அறைக்கு முன்னால் மணலில் உட்கார்ந்திருந்த குப்பம் முழுவதும் சிரித்தது.

"துடுப்பப் புடிக்கிற லட்சணத்தப் பாரு! தோச திருப்ப வந்தவன் மாரி கீறான்," என்றாள் மீன் விற்கும் ஜெகதாம்பாள். "ஆளு தொப்பலா நனைஞ்சுகினு வரான், மீச மட்டும் நனையல. இன்னா மீசடி அது!"

பஞ்சாயத்து வாங்கி வைத்த தொலைக்காட்சிப் பெட்டி அது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே அந்தக் குப்பத்தில் அதற்குச் சாவி வைத்திருந்தவர் கோதண்டராமன். கருங்குழிக்காரர், வயல் வேலை தெரிந்தவர், கடலில் கால் நனைத்தறியாதவர். பெட்டியைத் துடைப்பதும், உப்புக்காற்றில் படம் புள்ளி புள்ளியாகச் சிதறும்போது கூரையேறி ஏரியலைத் திருப்புவதும் அவர் பணி. செவ்வாய்தோறும் அரை மணி நேரம் வந்த அந்தத் தொடர் நாடகத்தைக் குப்பத்தார் ஒரு வாரமும் விட்டதில்லை. ஒரு வாரமும் குறை சொல்லாமல் இருந்ததுமில்லை. ஆனால் மூன்றாம் வாரம் நாடகத்து மீனவன் கதிர்வேலு புயலில் போய்த் திரும்பாதபோது, அவர்கள் சிரிப்பு நின்றுவிட்டது.

ஏனென்றால், ஐப்பசிப் புயலில் அந்தக் குப்பத்திலிருந்தும் ஒருவன் போயிருந்தான். இருசப்பன். அவனும் வரவில்லை, அவன் உடலும் ஒதுங்கவில்லை. உடல் கிடைக்காதவனுக்கு அவன் சட்டையை வைக்கோல் உருவத்துக்குப் போட்டுக் கொளுத்திக் காரியம் செய்வது அங்கே வழக்கம். காரியம் முடியாத வீட்டுக் கட்டுமரத்தைக் கடலில் இறக்க விடமாட்டார்கள். அந்த வீட்டாரோடு சேர்ந்து வலை பிடிக்கவும் ஆள் வராது. இருசப்பனின் தம்பி மாயவன் மூன்று மாதமாகக் கரையிலேயே கிடந்தான். இருசப்பனின் மனைவி பூவாயியும் அவள் குழந்தைகள் மூவரும் அக்கம்பக்கத்தார் ஊற்றும் கஞ்சியில் காலம் தள்ளினார்கள். அவன் இருக்கிறானா என்று கன்னியம்மன் கோயிலில் பூப்போட்டுக் கேட்டார்கள். முதல்முறை, இருக்கிறான் என்று சிவப்பு வந்தது. மறுமுறை, இல்லை என்று வெள்ளை வந்தது. ஊர்த் தலைவரான நாட்டார் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது பூவாயியே வழி சொன்னாள்.

"பொட்டியில கீறவனும் எங்க வூட்டு ஆளு போன மாரிதான் போயிருக்கான். அவன் வரானா இல்லயான்னு பாக்கறேன். வரலன்னா நானே தாலியக் கழட்டிக் குடுத்துர்றேன். வந்துட்டான்னா யாரும் என் வூட்டுப் பக்கம் வைக்கோல எடுத்துகினு வரக்கூடாது."

பூ சொல்லாததைப் பெட்டி சொல்லட்டும் என்று நாட்டாரும் ஒப்புக்கொண்டார். காரியத்துக்கு நாளான மாசி மகத்துக்குள் நாடகம் முடிந்துவிடும் என்பது அவருக்கு ஆறுதலாக இருந்தது.

முடிவு எப்படி இருக்கவேண்டும் என்று நேயர்கள் எழுதலாம் என அந்த வாரம் அறிவித்தார்கள். கதிர்வேலு திரும்பி வரவேண்டும் என்று எழுதச் சொல்லி மறுநாளே பெண்கள் கோதண்டராமனைச் சூழ்ந்துகொண்டார்கள். அவருக்கு அதில் உடன்பாடில்லை. அறுந்த கயிற்றோடு கட்டுமரம் ஒதுங்கியதைப் பெரிதாகக் காட்டியிருந்தார்கள். அதைக் காட்டிய கதாசிரியர் என்ன நினைத்திருக்கிறார் என்பது கதை படிப்பவனுக்குத் தெரியும்.

"மரத்த அப்பிடிக் காட்டிட்டு ஆள கொண்டாந்தா அது கதையே இல்லம்மா. மோசடி."

"மோசடியாவே இருந்துட்டுப் போவட்டுமே அண்ணாத்த," என்றாள் ஜெகதாம்பாள். "நெசத்துல வராத ஆளு கதையிலயாவது வந்தா ஒனக்கு இன்னா நோவுது?"

கோதண்டராமன் பேனாவை எடுத்தார். ஒவ்வொருத்தி பேரிலும் ஒவ்வொன்றாக நாற்பது அஞ்சலட்டைகள் எழுதினார். விரைவாகப் போய்ச் சேரவேண்டுமே என்று பஸ் ஏறிச் செங்கல்பட்டு சந்திப்புக்குப் போய், ரயில் தபாலில் சேர்த்துவிட்டு வந்தார். ஒரு பெண்ணின் துயரம் இன்னும் சில நாள் தள்ளிப்போகட்டும் என்பதற்கு மேல் அவர் எண்ணவில்லை. இரக்கம் பெரும்பாலும் அவ்வளவு தூரந்தான் பார்க்கிறது.

கடைசி வாரம் கதிர்வேலு வந்தான். தாடி வளர்த்துக்கொண்டு, யாரோ ஒரு கப்பல்காரன் காப்பாற்றியதாகச் சொல்லிக்கொண்டு வந்தான். நேயர்களின் கடிதங்கள் குவிந்ததால் முடிவை மாற்றியதாக அறிவிப்பாளர் புன்னகையோடு சொன்னது, விசில் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. "தாடி ஒரு பக்கம் பேந்துகினு கீது," என்ற ஜெகதாம்பாள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூட்டத்தின் பின்னால் நின்ற பூவாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஐப்பசிக்குப் பிறகு அவள் சிரித்து யாரும் கண்டதில்லை. அதைப் பார்த்த கோதண்டராமன் அன்றிரவு நிம்மதியாக உறங்கினார்.

மாசி மகத்துக்கு முந்தின நாள் காலையில் மாயவன் ரேடியோ அறைக்கு வந்தான். தோளில் ஒரு வைக்கோல் கட்டு.

"அண்ணி சட்டையத் தரமாட்டேங்குது. அண்ணன் வந்தா போட்டுக்கணும்னு தொவைச்சு வச்சிருக்குது. கடலு வத்தி கருவாடு துன்லாம்னு கொக்கு குந்திகினு இருந்த கதையா கீது," என்றான். "சின்னதுக்கு மூணு நாளா காய்ச்சலு. கஞ்சி கூட எறங்கல. நாளைக்கி காரியம் ஆவலன்னா அடுத்த மகம் வரிக்கும் மரம் எறங்காதுன்னுட்டாரு நாட்டாரு. எழுதனது நீதானே? நீயே வந்து சொல்லு."

கடல் வற்றிக்கொண்டுதான் இருக்கிறது என்று அந்தக் கொக்குக்கு யாரும் கடிதம் எழுதவில்லை என்று கோதண்டராமனுக்குத் தோன்றியது. பூவாயிக்கு அவர் எழுதியிருந்தார், நாற்பது முறை.

பூவாயியின் குடிசையில் குழந்தை கோணியில் சுருண்டு கிடந்தது. கொடியில் நீலச் சட்டை காய்ந்தது. மாயவன் வாசலிலேயே வைக்கோலை இறக்கிவிட்டு நின்றுகொண்டான். கோதண்டராமன் குனிந்து உள்ளே போனார்.

"பூவாயி, பொட்டியில வந்த ஆளு தானா வரல. நாந்தான் வர வச்சேன். அவன் செத்துட்டான்னுதான் கதை எழுதனவரு வச்சிருந்தாரு. நாங்க எழுதிக் கேட்டோம்னு மாத்திட்டாங்க. அது குறி இல்லம்மா."

அவள் அடுப்புத் தணலைக் கிளறினாள். பிறகு திரும்பினாள். அவள் முகத்தில் அவர் எதிர்பார்த்த எதுவும் இல்லை.

"செத்துட்டான்னு வச்சிருந்தாங்களா?"

"ஆமா."

"நீ எழுதனதும் வந்துட்டான்."

"பூவாயி..."

"அப்ப எங்க வூட்டு ஆளும் வரணும்னு ஒன்னு எழுது அண்ணாத்த." குரலில் மன்றாட்டு இல்லை, கணக்குத் தெளிந்தவளின் அமைதி இருந்தது. "எடது புருவத்துல தழும்பு கீதுன்னு எழுது. சின்னதுக்கு ஒடம்பு சரியில்லன்னு எழுது."

வெளியே கடற்காற்று எழுந்துவிட்டது. கட்டு அவிழ்ந்து வைக்கோல் தாள் தாளாக மணலில் ஓடிற்று. மாயவன் குனிந்து குனிந்து அவற்றைப் பொறுக்கிக்கொண்டே தண்ணீர்வரைக்கும் போனான்.