எலிசாவின் இனிஷியல்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். எலிசா ஓடினால் எட்டு நிமிடம். காரணம் ஊருக்கே தெரியும். ரயில்வேயில் வேலை பார்த்த அவள் தாத்தா தொம்மை, 1952இல் ஒரே ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வாங்கிய செக் நாட்டு ஓட்டக்காரரின் பெயரைப் பேப்பரில் படித்துப் பூரித்துப்போய், அந்த வருஷம் பிறந்த மகனுக்கு ஜாட்டோபெக் என்றே வைத்துவிட்டார். அந்த நாட்டில் அது வம்சம் முழுக்கப் போட்டுக்கொள்ளும் குடும்பப் பெயராம். அர்த்தம் பங்குச் சாமியாருக்கே தெரியவில்லை. நம் பக்கம் குடும்பப் பெயர் ஏது? மகனுக்குச் சொந்தப் பெயராக வந்தது, பேத்திக்கு ‘ஜா’ என்ற இனிஷியலாகச் சுருங்கியது. முழுப் பெயரையும் சுமந்த ஜாட்டோபெக் ஆயுசில் ஒருவேளைகூட உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. தட்டும் கையுமாக வளவனூர் வரை ஓடிவிட்டு வந்துதான் கை கழுவுவார். எலிசாவுக்கு ஓரெழுத்துதான் என்பதால் வேகமும் அளவாக, வேண்டும்போது மட்டும் வந்தது. நர்ஸ் ஆன பிறகு, திண்டிவனத்தில் அவசரமாக ரத்தம் கேட்டால் விழுப்புரத்திலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள்தான் ஓடுவாள். பஸ் டிரைவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள்.

திண்டிவனத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் ஆரோக்கிய ஜெனித்தைக் கட்டிக்கொண்டாள். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கப் போன இடத்தில், கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்த பாண்டுரங்கன் அவள் கழுத்துத் தாலியைப் பார்த்தார். கேட்காமலே ‘ஜா’வை எடுத்துவிட்டுப் புருஷன் பெயருக்கு ‘ஆ’ போட்டார். எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தானே போடுகிறார். அன்றிலிருந்து எலிசா மற்றவர்களைப் போல நடந்தாள். அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது.

நாலாம் நாள் திண்டிவனத்தில் அம்சா என்ற பெண்ணுக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்கவில்லை. எலிசா பெட்டியோடு விழுப்புரத்தில் நிற்கிறாள். விக்கிரவாண்டியில் லாரி கவிழ்ந்து ரோடே அடைத்துக் கிடக்கிறது. ஜெனித்துக்குப் போன் போட்டாள்.

“கால் மணி நேரந்தான் தாங்குமாம்ங்க. என் ‘ஜா’வ ஜல்தியா வாங்கிக் குடுங்க.”

ஜெனித் கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு ஓடினான். வரிசையை இடித்துக்கொண்டு போய் பாண்டுரங்கன் முன் நின்று விஷயத்தைச் சொன்னான்.

“கல்யாணம் ஆன பொண்ணுக்கு அப்பா இனிஷியலா?”

“அது அவ காலு சார். போடுங்க.”

எலிசாவின் போனுக்கு ஓ.டி.பி. வந்தது. ஆறு எண்களையும் ஒரே மூச்சில் சொன்னாள். பாண்டுரங்கன் பட்டனை அமுக்கினார். போனில் காற்று இரைவது கேட்டது. எட்டாவது நிமிடம் பெட்டி பிரசவ வார்டில் இருந்தது. அம்சா பிழைத்தாள், குழந்தையும் பிழைத்தது.

ஜெனித் இடத்தைவிட்டு நகரவில்லை.

“எனக்கும் சேத்து ஒரு ‘ஜா’ போட்டுடுங்க சார்” என்றான். பாண்டுரங்கன் மறுபடி பட்டனை அமுக்கினார்.

ஜெனித்தின் அம்மா சூசை மேரிக்கு இப்போது ஒரே குறைதான். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அன்று காலையில் கிளம்பினாலும் மகனும் மருமகளும் சனிக்கிழமையே போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். கோயில் கதவைத் திறந்துவிட ஆள் இருப்பதில்லை.