கலியம்மாள் வைத்த ரேகை

கலியம்மாள் மகளின் வாயைப் பொத்திக் கீற்றுத் தடுப்புக்குப் பின்னால் தள்ளினாள். உள்ளங்கையில் புளி வாசம் அடித்தது.

"வெளிய வந்த, கால ஒடிச்சிருவேன். அய்யா வூட்டுப் பாப்பா வந்துருக்கு. ஒன் காலேஜு வாயெல்லாம் அதுகிட்ட வேணாம்."

அம்சவள்ளி எம்.ஏ. பொருளாதாரம் இரண்டாம் வருடம். வாசலில் ஸ்கூட்டியை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்த சிந்துவும் அதே வகுப்பு, அதே பெஞ்சு. கல்லூரியில் சிந்து அவள் தோளில் சாய்ந்து நோட்ஸ் எழுதுவாள். திருமழபாடிக்குப் பக்கத்தில் இருந்த இந்தக் காலனித் தெருவுக்கு வந்தால் மட்டும் அவள் கால் தரையில் படாது. அவள் அப்பா ராஜராஜனுக்குக் கொள்ளிடக்கரை ஓரம் இருபது ஏக்கர் கரும்புக் கொல்லை. தெருவில் பாதிச் சனம் அங்கேதான் வேலை செய்தது.

உழைப்புப் பொருளாதாரம் தாளுக்கு ஆளுக்கொரு ஆய்வு எழுத வேண்டும். விவசாயக் கூலியில் ஆண் பெண் வேறுபாடு என்ற தலைப்பை முதலில் கேட்டவள் அம்சவள்ளி. பேராசிரியர் சிங்காரவேலு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ அந்தத் தெருப் பொண்ணும்மா. ஒங்க அம்மாவே கூலி. ஒனக்குச் சார்பு வந்துரும். ஆராய்ச்சின்னா நடுநிலை வேணும்."

தலைப்பைச் சிந்துவுக்குக் கொடுத்தார். கூலி வாங்குகிறவள் மகளுக்குச் சார்பு உண்டு, கூலி கொடுக்கிறவர் மகளுக்குக் கிடையாது. அம்சவள்ளிக்கு நூலகத்தில் உட்கார்ந்து எழுதும்படி கூலிக் கோட்பாடுகள் என்று ஏதோ ஒன்று கிடைத்தது.

அன்றிலிருந்து அவளுக்கு வயிறு எரிந்தது. ஸ்கூட்டியைப் பார்த்தெல்லாம் எரியவில்லை. சிந்துவின் மடியில் இருந்த அச்சடித்த படிவங்களைப் பார்த்துத்தான். அந்தக் கேள்விகள் ஒவ்வொன்றையும் அவள் மனசுக்குள் எத்தனையோ தடவை கேட்டு வைத்திருந்தாள்.

"ஆம்பளைக்கு எவ்ளோ கூலி, ஒங்களுக்கு எவ்ளோ?" சிந்து பேனாவைத் திறந்தாள்.

"ரெண்டு பேருக்கும் ஒண்ணுதாங்க பாப்பா. எழுவது ரூவா. அய்யா கொல்லையில ஆம்பள பொம்பளன்னு பாக்க மாட்டாருங்க."

தடுப்புக்குப் பின்னால் அம்சவள்ளி உதட்டைக் கடித்தாள். ஆணுக்கு எழுபது, பெண்ணுக்கு முப்பத்தைந்து. சனி ஞாயிறில் அவளும் அதே கொல்லையில் கரும்பின் காய்ந்த சோகையை உரித்து அந்த முப்பத்தைந்தை வாங்கியிருக்கிறாள். பொய்யைவிட அம்மாவின் குரல்தான் அவளைக் குத்தியது. இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அந்தக் குழைவு அவளுக்குக் கிடைத்ததில்லை.

சிந்து மைப்பெட்டியை நீட்டினாள். கலியம்மாள் கட்டைவிரலைப் புடவையில் துடைத்துவிட்டு ரேகை வைத்தாள். பிறகு ஓடிப்போய்க் கடையில் ஒரு கலர் வாங்கி வந்து நீட்டினாள்.

"வேணாங்க, இப்பத்தான் குடிச்சேன்." மூடிகூடத் திறக்காத பாட்டில். சிந்து அதையும் தொடவில்லை.

வண்டிச் சத்தம் மறைந்ததும் அம்சவள்ளி வெளியே வந்தாள். "ஏம்மா பொய் சொன்ன?"

"உண்மையச் சொன்னா அது அப்பன் காதுக்குப் போவும். அப்புறம் யாருடி என்னைய கொல்லைக்குக் கூப்புடுவா, நீயா?"

"நான் கேட்டா சொல்லியிருப்பியா?"

"நீ ஏன் கேக்கப்போற? வாங்குறவதான நீயும்." கலியம்மாள் பாட்டிலை எடுத்தாள். "தொறக்கல. கடையில திருப்பிக் குடுத்துட்டு வரேன்."

சிந்து போன நாற்பது வீட்டிலும் நாற்பது பெண்கள் அதையேதான் சொன்னார்கள். சிந்து பொய் எழுதவில்லை. சொன்னதை அப்படியே எழுதினாள். சொந்த அப்பாவிடம் மட்டும் அவள் கேட்கவில்லை.

கருத்தரங்கு நாளன்று சிங்காரவேலு கைதட்டினார். "களத்துல எறங்கி எடுத்த உண்மை. கூலியில வேறுபாடே இல்லை. இதுக்குத்தான் மொத மார்க்."

அம்சவள்ளி எழுந்தாள். "சார், அந்த நாப்பது வூட்லயும் நான் ஒரு தடவ கேக்கட்டுங்களா?"

"நீ கேட்டா ஒனக்கு வேண்டியதச் சொல்லுவாங்க."

"சிந்து கேட்டா சிந்து அப்பாவுக்கு வேண்டியதச் சொல்ல மாட்டாங்களா சார்?"

சிந்துவின் முகம் சிவந்தது. "பொறாமைய வச்சிக்கிட்டு ஆராய்ச்சி பண்ண முடியாது, உக்காரும்மா" என்றார் சிங்காரவேலு. பொறாமை என்று அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் அவள் உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் புத்தகப் பையை மூலையில் எறிந்தாள். "நீ சொன்ன பொய்யிக்கு மொத மார்க் போட்டாச்சு. சந்தோசமா? அட்டை போட்டு, தங்க எழுத்துல பேரு போட்டு, காலேஜுல வைக்கப்போறாங்க."

கலியம்மாள் அடுப்பை ஊதுவதை நிறுத்தினாள். "அதுல நம்மூரு பேரு இருக்கா?"

"இருக்கு."

"அய்யா பேரு?"

"அப்பாவுக்கு நன்றின்னு மொத பக்கத்துலயே."

"எனக்கும் எழுவதுன்னு போட்டுருக்கா?"

"ஒன் ரேகையோட."

கலியம்மாள் மறுபடி அடுப்பை ஊதினாள்.

மறுநாள் சனிக்கிழமை. பகலெல்லாம் சோகை உரித்து எல்லோர் கையிலும் கீறல். பொழுது சாயும்போது ராஜராஜன் வரப்பில் நின்று கூலி கொடுத்தார். அய்யம்பெருமாள் எழுபது வாங்கிக்கொண்டு ஒதுங்கினான். அடுத்து கலியம்மாள். முப்பத்தைந்தை நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"என்னா புள்ள, புடி."

"இன்னும் முப்பத்தஞ்சு இருக்குங்களே அய்யா."

"என்னாடி இன்னும்?"

"நம்ம பாப்பா வந்து எழுதிட்டுப் போச்சுங்க, அய்யா கொல்லையில ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்னு. நானும் ரேகை வச்சிருக்கேன். காலேஜுல சரிபாத்து மொத மார்க்கே போட்டுட்டாங்களாம்." அதே குழைந்த குரல்தான். "பாப்பா பொய் எழுதுமாங்க?"

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். கலியம்மாளுக்குப் பின்னால் நின்ற செல்வம்மாள், வாங்குவதற்காக நீட்டிய கையை மெல்ல மடக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. பிறகு இன்னொருத்தி.

வரிசைக் கடைசியில் அம்சவள்ளி நின்றாள். இரண்டு வருடம் படித்தும் இது தனக்குத் தோன்றவில்லையே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. இந்த முறை சிந்துவைப் பார்த்து இல்லை. அவளும் கையைப் பின்னால் கட்டினாள்.

ராஜராஜன் நீட்டிய முப்பத்தைந்து ரூபாய் வாங்க ஆளில்லாமல் அப்படியே நின்றது.