வலது தோள் பூ

எங்கள் ஊரில் சாமிதான் மனிதர்களிடம் வேண்டிக்கொள்ளும். வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு, முறை வைத்து ஒரு வீட்டுக்கு வரும். அந்த வீட்டில் கை ஒழிந்தவர் யாராவது மணையில் உட்கார வேண்டும். சாமி அவருடைய தோளுக்கு ஒன்றாக இரண்டு செவ்வரளிப் பூ வைத்து, தன் குறையைச் சொல்லிக் கைகூப்பும். வலது பூ முதலில் விழுந்தால் கேட்டது நடக்கும். இடது விழுந்தால் நடக்காது. அதே குறையை வேறு எந்த வீட்டிலும் மறுபடி கேட்கக் கூடாது. பூ விழும்வரை உட்கார்ந்திருப்பவர் அசையவும் கூடாது, பேசவும் கூடாது.

சாமியின் குறைகள் பெரும்பாலும் சின்னவைதான். ஒலிபெருக்கியைத் தன் காதுக்கு நேராகக் கட்ட வேண்டாம் என்று கேட்கும். மார்கழியில் கொஞ்சம் வெந்நீர் கேட்கும். எங்கள் ஆட்கள் லேசுப்பட்டவர்களா? பிடிக்காததைக் கேட்டால் இடது தோளை நைசாக இறக்கிவிடுவார்கள். நடந்தால் எனக்கு என்ன செய்வாய் என்று பேரம் பேசுபவர்களும் உண்டு. பக்கத்து வீட்டு ஞானசேகர் வாத்தியாருக்காகச் சாமி ஒரு முறை மொட்டை போட்டுக்கொண்டது. முடி வளரும்வரை கிரீடம் இறங்கிக் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தது.

எங்களுக்கு ஒன்று வேண்டுமென்றால் யாரிடம் போய்க் கேட்பது? அதற்கு ஊரில் ஏற்பாடு இல்லை. அதனால் நானும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் காசிலிங்கம், குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனவர், திரும்பவில்லை. அன்றிலிருந்து உப்பைக் குறைத்தே சமைக்கிறேன். தினமும் அவர் இடத்தில் சோறு போட்டு மூடி வைக்கிறேன். வாசலில் எந்தச் சத்தம் கேட்டாலும் எட்டிப் பார்ப்பேன். எங்கள் வாசல் இரும்புக் கதவு இறங்கிப்போனது. தள்ளினால் திறக்காது, லேசாகத் தூக்கித் தள்ள வேண்டும். என்னைத் தவிர அது தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

எங்கள் வீட்டு முறை வந்த வெள்ளிக்கிழமை நானே கதவைத் திறந்துவிட்டேன். சாமி மெலிந்திருந்தது. மணையில் உட்கார்ந்தேன். வாசல் என் இடது கைப் பக்கம் இருந்தது. சாமி பூக்களை வைத்தது.

"தாயே, அம்மன் பொறந்த ஊருத் திருவிழாவுக்குப் போனா. போறப்ப ஒரு சின்னப் பேச்சு வந்துபோச்சு. திருவிழா முடிஞ்சும் வரலை. நீதான் அவ மனசைத் திருப்பணும்."

இப்படி ஒரு குறையை அது அதுவரை எந்த வீட்டிலும் கேட்டதில்லை. வலது தோளைக் கொஞ்சம் இறக்கிக் கொடுக்கலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் சாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் நேர்மையாக இருந்தேன். பூ விழவில்லை. வெயில் ஏறியது. கால் கடுத்துப்போய்ச் சாமி என் வீட்டுக்காரர் இடத்தில், மூடி வைத்த தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தது.

அப்போது இரும்புக் கதவைத் தூக்கித் தள்ளும் ஓசை கேட்டது.

நான் கல்லாக இருந்தேன். செருப்புச் சத்தம் ஜன்னல் வரைக்கும் வந்து நின்றது. ஒரு கனைப்பு. அவருடையதேதான். சாமிக்கும் கேட்டிருக்க வேண்டும்; ஆனாலும் கூப்பிய கையை இறக்கவில்லை. செருப்புச் சத்தம் திரும்பிப் போகத் தொடங்கியதும் என்னால் முடியவில்லை. இடப்பக்கம் திரும்பிவிட்டேன்.

இடது பூ விழுந்தது.

வாசலுக்கு ஓடினேன். தெருவில் யாரும் இல்லை. உள்ளே வந்தபோது சாமி கீழே கிடந்த பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தது.

"கோயிலுக்குப் போகலையா சாமி?" என்றேன்.

"அங்க போய் யாரைப் பார்க்க?" என்றது. பிறகு தட்டைத் திறந்து சாப்பிட்டது. உப்பு வேண்டும் என்று கேட்டது. நான் கொடுத்தேன்.

என் வீட்டுக்காரர் என்ன ஆனார் என்பதை மறுநாள் பூசாரி சோணமுத்து வந்து சொன்னார். தன் இடத்தில் வேறு யாரோ தட்டோடு இருப்பதைப் பார்த்துவிட்டு, நேராகப் போய்க் கருவறையில் உட்கார்ந்துவிட்டாராம். பூசாரி காலையில் உள்ளே இருப்பவர் யாரானாலும் அவர் தலையில் தண்ணீர் ஊற்றுபவர். ஊற்றி, சந்தனம் பூசி, மாலை போட்டுவிட்டார். கிரீடம் சரியாக இருக்கிறதாம்.

"நான் வந்து பார்க்கட்டுமா?" என்று கேட்டேன்.

"கோயில்ல இருக்கறவரைப் போய்ப் பார்க்கிற வழக்கம் நம்ம ஊர்ல ஏதும்மா? முறை வந்தா அவரே வருவாரு" என்றார் பூசாரி.

அது சரிதான். சாமி வெள்ளிதோறும் போனதுபோல என் வீட்டுக்காரரும் ஈர வேட்டியோடு வீடு வீடாகப் போகிறார். போன வாரம் வாத்தியார் வீடு. சுவரில் காதை வைத்துக் கேட்டேன். "வெந்நீர் கொஞ்சம் கிடைச்சா போதும்" என்றுதான் கேட்டார். பெரிய குறையை எனக்கென்று வைத்திருக்கிறார் என்று நம்புகிறேன். நம்பாமல் எப்படி இருப்பது?

இந்த வெள்ளி எங்கள் வீட்டு முறை. தினமும் காலையில், எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்ட சாமி என் தோள்களில் பூ வைத்து என்னைப் பழக்குகிறது. வாசலுக்குப் போய்க் கதவைத் தூக்கித் தள்ளி ஓசை எழுப்பும். கனைத்தும் பார்க்கும். நான் திரும்புவதில்லை.

"வலது தோளை இன்னும் கொஞ்சம் இறக்கு தாயே" என்கிறது சாமி. இறக்குகிறேன்.