இங்க ஒரு அம்மா அழுவுறாங்க

ஊர் உலகத்துப் படங்களையெல்லாம் மூன்று நிமிடத்தில் அரைத்து ஊற்றுவதுதான் யுகேந்திரனுக்குப் பிழைப்பு. கொரியாக்காரன் எடுத்தாலும் துருக்கிக்காரன் எடுத்தாலும், அவன் வாயில் விழுந்தால் கதாநாயகன் ‘நம்மாளு’, கதாநாயகி ‘நம்ம பொண்ணு’. சுங்கை பினாங் அடுக்குமாடியில், வெளிச்சத்தம் பதிவாகாமலிருக்கப் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு போனிடம் கதை சொல்லி இணையத்தில் போடுவான். படம் பார்ப்பது இரட்டை வேகத்தில். திரையில் யாராவது பேசாமலிருந்தால் விரலால் தள்ளிவிடுவான். இந்த லட்சணத்துக்குக் ‘கிரியேட்டர்’ என்று பட்டம் வேறு. அவன் மனைவி ரூபினிக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே குமட்டும்.

அவளும் ஒரு படத்தில் நடித்திருந்தாள். சிம்பாங் அம்பாட் தொழிற்சாலையில் வேலை செய்யும் தயாளன் விடுமுறை நாள்களில் எடுத்த படம். மகனைப் பறிகொடுத்த தாயாக ஒரே காட்சி, வசனம் கிடையாது. செத்தவனின் சட்டைகளை மடித்து வைக்க வேண்டும். நடிக்கும்போது, வயிற்றிலேயே கலைந்துபோன தன் பிள்ளையைத்தான் நினைத்துக்கொண்டாள். அதை யுகேந்திரனிடம் சொன்னதில்லை. திரையில் பார்த்தால் அவனுக்கே புரியும் என்றிருந்தாள்.

சனிக்கிழமை அந்தப் படம் பார்க்க அவளோடு தியேட்டருக்கு வருவதாக வாக்குக் கொடுத்திருந்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போர்வைக்குள்ளிருந்து வியர்த்து வடிய வந்து, தயாளன் விளம்பரத்துக்காகப் படத்தின் லிங்க்கை அனுப்பிவிட்டான், இனித் தியேட்டர் எதற்கு என்றான்.

“அதான் பாத்துட்டேனே ரூபி. பார்க்கிங் கெடைக்கிறது வேற சூசா லா.”

“என் சீன்?”

“நல்லாதான் இருந்துச்சு. கொஞ்சம் நீளம்.”

அவன் போட்ட காணொளியைத் திறந்தாள். அவள் முகம் வந்தது, போனது. அதன்மேல் அவன் குரல்: “இங்க ஒரு அம்மா அழுவுறாங்க, அத விடுங்க, நம்மாளு என்னா பண்றான்னா...”

தனியாகத்தான் போனாள். அவனுடைய இருக்கையில் கைப்பையை வைத்தாள். சட்டை மடிக்கும் காட்சி தொடங்கியதும் முன்வரிசைப் பெண் கூட வந்தவனிடம், இந்த அம்மா அழுவது மட்டும்தான், நான் போனில் மூன்று நிமிடத்தில் பார்த்துவிட்டேன் என்றாள். இருவரும் எழுந்து பாப்கார்ன் வாங்கப் போனார்கள். தொலையட்டும் சனியன்கள் என்று நினைத்தாள் ரூபினி. விரலால் படம் பார்க்கிற கூட்டத்துக்குக் கண் எதற்கு?

திரையில் அவள் ஒரு சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். சுவரளவு முகம். அடுத்த சட்டையை எடுத்துப் பட்டன்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். இன்னும் சட்டைகள் இருந்தன. இருக்கையிலிருந்த ரூபினிக்குச் சீக்கிரம் முடிந்துவிடாதா என்றிருந்தது. பார்க்க மாட்டாமல் குனிந்தாள். இருட்டில் அவளுடைய கட்டைவிரல், இருக்கையின் கைப்பிடியைத் தள்ளித் தள்ளித் தேய்த்துக்கொண்டிருந்தது.